மீட்டர் பார்க்காத தண்ணீர்

திருப்பூரில் சாயப்பட்டறை தொடங்க ஒரு இசைவாணை, அப்புறம் அதை ஓட்ட இன்னொன்று. இரண்டையும் தருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சிக்கல் காகிதத்தில் இல்லை, அது கைக்கு வந்த பிறகுதான்.

நொய்யலில் சாயநிறம் ஓடினால் எல்லோரும் போட்டோ எடுத்துப் போடுகிறோம். ஆனால் நிலத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு. துணியில் சாயம் பிடிக்க உப்பு போட்டே ஆக வேண்டும். சாதாரண சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்பு போகாது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது இதனால்தான்.

வெளியே விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகளுக்கு வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். அதுவும் போதவில்லை. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையை மீறியதால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்போது கழிவுநீரை அளந்து வாரியத்துக்கு நேரடியாக அனுப்பும் ஆன்லைன் மீட்டர்கள் இருக்கின்றன. சரி, நல்லதுதான். ஆனால் தன் குழாயில் ஓடுவதை மட்டும்தான் மீட்டர் அளக்கும். மழை ராத்திரியில் வேறு வழியாகப் போவது அதற்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் கணக்கைப் பார்க்க வேண்டும். எத்தனை கிலோ துணிக்குச் சாயம் போட்டார்கள், எவ்வளவு உப்பு வாங்கினார்கள், கழிவுநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு எவ்வளவு விறகும் மின்சாரமும் செலவானது, கடைசியில் எத்தனை மூட்டை உப்புக்கழிவு மிஞ்சியது. வாங்கிய உப்பு எங்கேயாவது இருந்தாக வேண்டுமே! பட்டறைவாரியாக இந்தக் கணக்கை மாதாமாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.