எடுத்துட்டிருக்காங்க

2016 ஆடி மாதம், பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமில் அந்த அம்மாவிடம் நான் சொன்ன வார்த்தை "எடுத்துட்டிருக்காங்க." அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணிவெடி எடுக்கும் வேலை நடக்கிறது, இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

அவர் திருப்பிச் சொன்னது, "எடுத்திட்டினமெண்டா பிறகென்ன தம்பி."

அதுவும் என் காதில் தெளிவாக விழுந்தது. நான் திருத்தவில்லை. காற்றில் பறக்காமல் இருக்கப் படிவத்தின் மேல் ஸ்டேப்ளரை வைத்திருந்தேன். அதை நகர்த்திவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்பப் போய்விட்டேன்.

ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு விவரம் சொல்லிப் படிவம் நிரப்பித் தருவது அப்போது என் வேலை. அவர் ஊர் பளைக்குப் பக்கத்தில் முகமாலை. 1990இல் படகேறி வந்தவர். அவர் கிளம்பும்போது அது வெறும் தென்னங்காணி. 2000க்குப் பிறகு போர்முனையே அந்த வழியாகத்தான் போனது. வருஷக்கணக்கில் இரண்டு பக்கமும் வெடியைப் புதைத்தார்கள். சண்டை 2009 மே மாதம் முடிந்தது. ஏழு வருஷம் கழித்தும் கண்ணிவெடி அகற்றும் ஹேலோ ட்ரஸ்ட் தொண்டு நிறுவனத்தின் ஆட்கள், அதில் நிறையப் பெண்கள், அங்கே மண்டியிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடியவில்லை என்று சொல்லும் தாள் என் மேஜை டிராயரில் இருந்தது. எடுத்துக் காட்ட அரை நிமிஷம் ஆகியிருக்காது.

'எண்டா' என்றால் 'என்றால்'. எடுத்துவிட்டார்கள் என்றால் கவலையில்லை என்று நிபந்தனையோடுதானே அவர் சொன்னார்? சில ராத்திரிகளில் இந்த 'எண்டா'வைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன். ஆனால் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். 'என்றால்' என்று இழுக்கிறவர் முகம் அப்படி மலராது.

பேத்தி அவர் தோளில் சாய்ந்து, "போலாமுங்களா அம்மிச்சி?" என்றது. அம்மம்மா என்றுதான் அவர்கள் வீட்டில் சொல்வார்கள். இது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்ட பேச்சு. அவர் அதன் தலையைத் தடவிவிட்டு என்னைக் கேட்டார்: "நீங்களெண்டா போவியளோ தம்பி?"

"அது உங்க முடிவுங்கம்மா" என்றேன்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அதுதான். போ என்றும் சொல்லக்கூடாது, போகாதே என்றும் சொல்லக்கூடாது. நல்ல விதி, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆபத்துள்ள இடத்துக்கு அகதிகளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிற 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. யாரும் பிடித்துத் தள்ளாமல் இருக்க, முகாம் மக்களுக்கு 'தானாக விரும்பி' என்ற வார்த்தைதான் வேலி. அந்த வேலிக்குள் நான் கை நீட்டக்கூடாது. ஆனால் தெரியவேண்டியதைச் சொல்லாமல் விட்டால் அது எப்படி அவர் எடுத்த முடிவு ஆகும்?

2012இல் ஐ.நா.வின் உள்விசாரணை அறிக்கை வந்தபோது கொதித்தவர்களில் நானும் ஒருவன். இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு கையில் இருந்தும் ஐ.நா. அதை வெளியே சொல்லவில்லை என்று அதில் இருந்தது. தெரிந்தும் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று டீக்கடையில் கத்தியிருக்கிறேன். அதையும் என் டிராயர் தாளையும் ஒன்றாக வைப்பது அநியாயம் என்கிறாள் என் மனைவி. அங்கே ஆயிரக்கணக்கான உயிர், இங்கே ஒரு தாள். சரிதான். ஆனால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகிறது.

அதற்கப்புறம் வந்தவர்களிடம் "இன்னும் முடியலைங்க" என்பதைத்தான் முதலில் சொன்னேன். அதைக் கேட்டு ஒரு பெரியவர் பயணத்தைத் தள்ளிப்போட்டார். ஊரைப் பார்க்காமலே முகாமில் இறந்துபோனார். அதை எந்தக் கணக்கில் வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த தை மாதம் அந்த அம்மா பளையிலிருந்து போன் செய்தார். காணிக்குள் விடவில்லையாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிறதாம். அக்கா வீட்டில் இருக்கிறார்களாம். "ரோட்டில நிண்டு பாத்தனான் தம்பி. எங்கட மரம் நாலு தலையில்லாம நிக்குது."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளாத நாள் இல்லை. "எண்டாலும் வந்தது நல்லது" என்றும் அவரே சொன்னார்.

அப்புறம் கேட்டார்: "உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"தெரியுமுங்கம்மா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவுவது மட்டும் கேட்டது. பிறகு "சரி" என்றார். பேத்தியின் மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள், திருத்தி அனுப்ப முடியுமா என்று கேட்டார்.