விடை தெரியவில்லை என்று ஜெபிப்பது

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வு எழுதியவர்களுக்கு ஐந்தாவது வட்டத்தைத் தெரியும். ஏ, பி, சி, டி போக ‘ஈ’ என்று ஒன்று: விடை தெரியவில்லை. எதையும் கறுக்காமல் காலியாக விட்டால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் தவறான விடைக்குக் கழிப்பு இல்லை. ஆகவே விவரமறிந்த யாரும் ஈ பக்கம் போவதில்லை; தெரியாத கேள்விக்குச் சியையோ பியையோ கறுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். தேர்வு அறையில் அது நல்ல உத்திதான். அதே பழக்கம் என் ஜெபத்துக்குள்ளும் புகுந்துவிட்டதுதான் தொல்லை.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறப்பதற்கு முன்பே அம்மா ஒரு பொருத்தனை செய்து ஆண்டவருக்கு நேர்ந்திருந்தார்கள்: ஆண்பிள்ளையானால் சபை ஊழியத்துக்கு. வேதாகமத்தில் அன்னாள் நேர்ந்துகொண்டபடி தன் மகன் சாமுவேலை ஆலயத்தில் விட்ட கதையை எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தேன். அப்பா வேறு கட்சி. கணிதத்தில் பட்டம் வாங்கியவன் குரூப் 2 எழுதி அரசு நாற்காலியில் உட்காரவேண்டும் என்பார்கள். எனக்கோ இரண்டிலும் ஆசை, இரண்டிலும் பயம்.

பயிற்சி மையத்தின் சுவரில் ‘தெய்வத்தான் ஆகாது எனினும்’ என்ற குறளை எழுதிவைத்திருந்தார்கள். வீட்டுச் சுவரில் வேதாகமத்திலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம். காலையில் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பி, மற்றொன்றின் கீழே உட்கார்ந்து படிப்பேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டுக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது, வந்த வசனம் தெளிவாக இல்லையென்று தம்பியின் அட்டையை வாங்கி என்னுடையதைக் கொடுத்திருக்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று அதை விசுவாசம் என்று நினைத்தேன்.

கடைசியில் ஆண்டவரோடு ஒரு பேரம் பேசினேன். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் தேறினால் அரசுப் பணியே உம்முடைய சித்தம். தேறாவிட்டால் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம். நன்றாகப் படித்தேன் என்று சொல்லமுடியாது. எட்டாம் அலகில் தமிழக வரலாறும் பண்பாடும் கடல்போலக் கிடக்க, என் மனம் முழுவதும் முடிவு வரும் நாளில்தான் இருந்தது. ஒவ்வொரு மாதிரித் தேர்வும் எனக்கு ஒரு தீர்க்கதரிசனம். 120 கேள்வி சரியானால் அரசு, 105 ஆனால் ஊழியம். இப்படிப் படித்தால் எதுவும் மண்டையில் ஏறாது. படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல்நிலையில் தேறினேன். வீட்டில் கேக் வெட்டினோம். முதன்மைத் தேர்வில் தோற்றேன். இப்போது தேவசித்தம் என்ன? பாதி ஆம், பாதி இல்லை என்று ஓர் அடையாளம் உண்டா? அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எங்கள் சேகரத்து ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், போய் உட்கார்ந்தேன்.

வேதாகமத்தில் கிதியோன் கம்பளித்தோலைப் போட்டு ஆண்டவரிடம் அடையாளம் கேட்டதைச் சொல்லி, நானும் அதைத்தானே செய்தேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, என்ன செய்யவேண்டும் என்று தெரியாமலா கிதியோன் கேட்டான்? ஆண்டவர் சொன்ன பிறகு பயந்து கேட்டான். உன்னிடம் இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அதற்குள் எதற்குத் தோலை விரிக்கிறாய்?” என்றார். தெரியாத இடத்தில் எதையாவது கறுத்துவிட்டு, அதன்மேல் கர்த்தரின் கையெழுத்தைக் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவு முதன்முறையாக ‘தேறினால்’, ‘தேறாவிட்டால்’ என்று நிபந்தனை போடாமல் ஜெபித்தேன். எனக்குத் தெரியவில்லை ஆண்டவரே, அவ்வளவுதான். இனி இந்த ஈ வட்டத்தை மறைக்கப்போவதில்லை. பெரிய சமாதானம் ஒன்றும் பொங்கிவரவில்லை. நன்றாகத் தூக்கம் வந்தது.

டோனாவூர் எங்களுக்குத் தொலைவில்லை. அங்கே ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். 1893இல் அவர் போனது ஜப்பானுக்கு. உடல்நலம் கெட்டு அங்கே தங்கமுடியாமல் போய், 1895இல்தான் இந்தியா வந்தார். பிறகு 1951இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. பிரசங்கங்களில் இதை நேர்கோடாகச் சொல்லிவிடுகிறோம். ஜப்பானில் படுத்துக்கிடந்த அந்த நாள்களில் டோனாவூர் என்ற பெயரே அவருக்குத் தெரிந்திருக்காது என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தப் பகுதிதான்.

அடுத்த ஆண்டு முழுவதும் என் ஜெபம் காலையில் பத்து நிமிடம், அன்றைய பாடப்பகுதியை ஒப்புக்கொடுப்பதோடு சரி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் பாடநூல்களை வரிசையாக எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தொடவில்லை. மாலையில் டியூஷன் எடுத்தேன். காத்திருக்கும் காலத்தில் கையில் கொஞ்சம் காசு இருப்பது விசுவாசக் குறைவு அல்ல.

ஊழியத்தை அறைக்குள் உட்கார்ந்து யோசிப்பதை விட்டுவிட்டு, சனிக்கிழமைகளில் ஐயரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எது எனக்கு ஒத்துவரும் என்பதை அங்கேதான் கற்றேன். நோயாளியின் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார என்னால் முடிந்தது. பிரசங்க மேடையும் கமிட்டிக் கூட்டமும் என் நாவை உலர்த்தின. மதுரை அரசரடியிலுள்ள இறையியல் கல்லூரியைப் பற்றியும் விசாரித்தேன். பட்டதாரிகளுக்கு பி.டி. என்ற இறையியல் பட்டப் படிப்பு 4 ஆண்டுகள். திருமண்டலத்தின், அதாவது பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பின், பரிந்துரையோடு போவதுதான் வழக்கம். முன்பு அதை ஒரு தடையாகவே பார்த்தேன். அழைப்பை நான் மட்டும் கேட்டால் போதாது, சபைக்கும் கேட்கவேண்டும் என்ற ஏற்பாடு எவ்வளவு பாதுகாப்பானது என்பது இப்போது புரிகிறது.

அந்த ஆண்டு குரூப் 4 எழுதினேன். 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். தெரியாதவற்றுக்கு வழக்கம்போலக் குத்துமதிப்பாகக் கறுத்தேன், அதில் மனந்திரும்புதல் எதுவும் இல்லை. ஆனால் முடிவு வரும்வரை எந்த எண்ணையும் அடையாளமாகக் கணக்கிடவில்லை.

இப்போது ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். சனிக்கிழமை ஆஸ்பத்திரி நிற்கவில்லை. இது முடிவான விடையா என்று கேட்டால், தெரியாது. போன வாரமும் அம்மா பொருத்தனையை நினைவூட்டினார்கள். “சாமுவேலும் ஊர் ஊராய்ப் போய் நியாயம் விசாரித்தவர்தானே அம்மா, எங்கள் தாலுகா ஆபீஸ் வேலை மாதிரி” என்றேன். முறைத்துவிட்டு, மதியத்துக்கு மீன்குழம்பு வைக்கவா என்று கேட்டார்கள்.