மேளத்துக்கு எந்தக் கணக்கில் சம்பளம்?

ஆகஸ்ட் 29, 2023, செவ்வாய்

இந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த உதவி ஆசிரியர் வேலை, ஆப்பிரிக்கப் புலம்பெயர் நடனங்கள் வகுப்பு. செவ்வாய் முழுக்க ஆட்டம். வியாழன் பாதி ஆட்டம், பாதி வரலாறு. வரலாறு என் பங்கு. வருகைப் பதிவும் மதிப்பெண் தாள்களும் என் தலையில்தான்.

சின்ன வயதிலிருந்து பரதம் ஆடியவள் இல்லினாய்ஸில் உட்கார்ந்து ஹைட்டி ஆட்டத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று அம்மா போனில் கேட்டாள். ஆட்டம் சொல்லித்தருவது நான் இல்லை, பேராசிரியர். கறுப்பினப் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், கேத்தரின் டன்ஹாம் என்ற கறுப்பின அமெரிக்க நடனக் கலைஞர் வகுத்த முறையில் பயின்றவர். அந்த நேரத்தில் நானும் கடைசி வரிசையில் நின்று பிள்ளைகளோடு பிள்ளையாகக் கற்கிறேன்.

உள்ளே வந்ததும் பேராசிரியர் செய்த முதல் வேலை, சுவர் முழுக்க இருந்த கண்ணாடிக்குத் திரை போட்டது. பாலே, மாடர்ன் வகுப்புகளில் கண்ணாடியைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் கொஞ்சம் திகைத்துப் போனார்கள். “அங்கே பார்க்க வேண்டாம், இங்கே பாருங்கள்” என்று மூலையைக் காட்டினார். ஹைட்டிக்காரப் பெரியவர் ஒருவர் மேளத்தின் ஆப்புகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். பெரிய மேளம் மன்மான் அவருக்கு. மற்ற இரண்டு மேளங்களான செகோனும் பூலாவும் இசைத் துறை மாணவர்கள் இருவருக்கு. சுதி சேரும் வரை யாரும் அசையவில்லை. அதற்கே வகுப்பில் நல்ல நேரம் போயிற்று. எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 7, வியாழன்

இன்று டன்ஹாம். 1909இல் பிறந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தார். 1935இல் ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகை நேர்காணலில், என்ன ஆராயப் போகிறாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு, முதலில் பாலே, பிறகு ஆப்பிரிக்க ஆட்டம் என்று குழுவின் முன்னாலேயே ஆடிக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. பணம் கிடைத்தது. ஜமைக்காவில் அக்கம்போங் என்ற மரூன் கிராமம், மார்ட்டினிக், டிரினிடாட், ஹைட்டி என்று சுற்றினார். மரூன்கள் என்றால் தோட்டங்களிலிருந்து தப்பி மலையேறி, ஆங்கிலேயரோடு சண்டை போட்டுத் தனியாக வாழ்ந்த அடிமைகளின் வம்சம்.

திரும்பி வந்து ஹைட்டி ஆட்டங்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். மேல்பட்டத்தை மட்டும் முடிக்கவில்லை. மேடைக்குப் போய்விட்டார். ஆய்வா ஆட்டமா என்று அன்றைக்கு அவரைக் கேட்டவர்களின் வாரிசுகள் இன்றும் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். அதே பாதையில் போன பேர்ல் பிரைமஸ் முனைவர் பட்டம் வாங்கியபோது ஆண்டு 1978, வயது ஐம்பத்தெட்டோ ஒன்பதோ. அதற்குள் மேடையில் பெரும் பெயர் எடுத்து, ஆப்பிரிக்கா போய்க் கற்று வந்து, ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

1967இல் டன்ஹாம் கிழக்கு செயின்ட் லூயிஸில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பயிற்சி மையம் தொடங்கியதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். 1992இல் தன் எண்பத்திரண்டாம் வயதில், ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புவதை எதிர்த்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார் என்றதும் பேனாக்கள் நின்றுவிட்டன. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 19, செவ்வாய்

நிர்வாகத்திடமிருந்து மின்னஞ்சல். பெரியவருக்கான பணம் ‘விருந்தினர் கலைஞர்’ என்ற தலைப்பில் வருகிறதாம். அந்தத் தலைப்பில் இந்தப் பருவத்துக்கான தொகை தீர்ந்துவிட்டதாம். இனிப் பதிவு செய்த இசையைப் பயன்படுத்திக்கொள்ள முடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டிருக்கிறார்கள்.

பக்கத்து அறையில் பாலே வகுப்புக்குப் பியானோ வாசிப்பவர் மாதச் சம்பளக்காரர். அவர் நன்றாக வாசிக்கிறார், இருக்கட்டும். ஆனால் பியானோ என்றால் பணியிடம், மேளம் என்றால் விருந்தாளி என்று யார் முடிவு செய்தது? பாடப்பட்டியலும் அதே லட்சணம்தான். பாலே ஒன்று முதல் நான்கு, மாடர்ன் ஒன்று முதல் நான்கு. ஒரு கண்டத்தையும் அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் வந்த அத்தனை ஆட்டங்களையும் சேர்த்து ஒரே ஒரு குறியீட்டு எண்.

நான் கொதித்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் மின்னஞ்சலைப் படித்துவிட்டு, “வியாழக்கிழமை ஒரு துடைப்பம் கொண்டு வா” என்றார்.

செப்டம்பர் 21, வியாழன்

துடைப்பத்தின் தலையைக் கழற்றிவிட்டுக் கட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். முதலில் என்னை வரலாறு சொல்லச் சொன்னார்.

1739 செப்டம்பரில் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றுப் பக்கம், அடிமைகள் ஆயுதம் எடுத்தார்கள். மேளம் அடித்துக்கொண்டு, விடுதலை விடுதலை என்று கூவியபடி நடந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் அடிமைகள் மேளமும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்றது. ஆட்களைக் கூட்டுவது மேளம்தான் என்பது முதலாளிகளுக்குப் புரிந்திருந்தது. மேளம் போயிற்று, தாளம் உடம்புக்கு இறங்கியது. தொடையில் தட்டினார்கள், மார்பில் தட்டினார்கள், குதிகாலால் பலகைத் தரையை இடித்தார்கள். டாப் நடனத்தின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் பேராசிரியர் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி ரிங் ஷவுட் ஆட வைத்தார். ஜார்ஜியா, கரோலினா கடலோரத்தில் அடிமைகளின் வழிவந்த கல்லா–கீச்சி மக்களிடம் இன்றும் இருப்பது. ஒருவர் கட்டையால் தரையில் தட்டுவார், ஒருவர் பாடுவார், மற்றவர்கள் கைதட்டிப் பதில் பாடுவார்கள். வட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகரும். காலைக் குறுக்கே மாற்றிப் போடக் கூடாது. போட்டால் அது நடனம், நடனம் தேவாலயத்தில் பாவம். போடாவிட்டால் அது வழிபாடு. தடை போட்டவன் தலையில் மிளகாய் அரைப்பது இதுதான்.

கட்டை தரையில் விழ விழ, கீழ்த்தளத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் ஏறி வந்து சத்தம் அதிகமாக இருக்கிறது என்றார். பேராசிரியர் மிக மரியாதையாக, “மேளத்துக்குப் பணம் இல்லை என்றார்கள்” என்றார்.

அக்டோபர் 5, வியாழன்

பெரியவர் திரும்ப வந்துவிட்டார். பேராசிரியர் யாரிடம் என்ன பேசினாரோ, இப்போது வேறொரு துறையின் நிதியிலிருந்து வருகிறதாம். டிசம்பர் வரைக்கும்தான்.

இன்று யான்வாலு. ஹைட்டியின் வோடு மதத்தில், பாம்பு உருவம் கொண்ட டம்பாலா தெய்வத்துக்கு ஆடுவது. முழங்கால் மடங்கி, உடம்பு முன்னால் சாய்ந்து, இடுப்பில் கிளம்பும் அலை முதுகெலும்பு வழியாக ஏறித் தோளுக்கும் கழுத்துக்கும் போக வேண்டும். எனக்கு முழங்கால் மடக்குவதில் கஷ்டமே இல்லை, அரைமண்டி காப்பாற்றியது. முதுகுதான் மறுத்தது. நேராக நிறுத்து, நேராக நிறுத்து என்று அதட்டி வளர்த்த முதுகு. பேராசிரியர் என் பின்னால் வந்து இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து, “இங்கே நிற்கிறது” என்றார். அலை அந்த இடத்துக்கு வந்ததும் சுவரில் முட்டிக்கொள்வதை நானே உணர்ந்தேன்.

அப்புறம் காசே. சீராக ஓடும் தாளத்தை மன்மான் திடீரென்று வெட்டும். ஆடும் உடம்பு அந்த வெட்டில் உதறி உடைய வேண்டும், பிறகு பழைய ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டும். சடங்கில் இந்த இடத்தில்தான் சாமி வருவது பெரும்பாலும் நடக்கும். பெரியவர் எங்கே வெட்டுவார் என்று எண்ணிக்கை வைத்துப் பிடிக்க முடியாது. அவர் ஆடுபவரைப் பார்த்து வெட்டுகிறார். பதிவு செய்த இசை யாரைப் பார்க்கும்?

இடைவேளையில் முதலாண்டுப் பெண் ஒருத்தி, பாப்டிஸ்ட் குடும்பம், தயங்கித் தயங்கி வந்தாள். “இது சாமி கும்பிடுவதா, உடற்பயிற்சியா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பேராசிரியர் மழுப்பவில்லை. “அவருக்குச் சாமி. உனக்கு என்ன என்பதை நீ சொல். பிடிக்காவிட்டால் உட்கார்ந்து கைதட்டு, அதுவும் ஆட்டத்தில் ஒரு வேலைதான்.” அழைப்புப் பாட்டுகளை வகுப்பில் பெரியவர் பாடுவதே இல்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். எதைக் கொடுக்க வேண்டும், எதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அடுத்த பாதியில் ஆடினாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

இடைப்பருவக் கட்டுரைகள் திருத்தி முடித்தேன். ‘ஆதி மனிதனின் ஆட்டம்’ என்ற சொற்றொடர் இரண்டு தாள்களில். இரண்டிலும் அடிக்கோடு போட்டு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று மட்டும் எழுதினேன். கப்போயிரா என்ற சண்டை ஆட்டத்தை 1890இன் பிரேசில் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியதைப் பற்றி ஒரு பொறியியல் மாணவன் அருமையாக எழுதியிருந்தான். தலைவலி.

நவம்பர் 9, வியாழன்

சிகாகோவின் ஹம்போல்ட் பார்க் பக்கத்திலிருந்து புவேர்ட்டோ ரிக்கோ கலைஞர்கள் வந்தார்கள், தங்கள் ஊர் மேள ஆட்டமான பொம்பா சொல்லித்தர. பீப்பாய் மேளங்கள், ஆட்டுத்தோல். புலேடோர் மேளம் அடிப்படைத் தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிரிமோ மேளம் மட்டும் ஆடுபவரைப் பின்தொடரும். ஆடுபவர் தோளை வெட்டினால் அதற்கு ஓர் அடி, பாவாடையை வீசினால் அதற்கு ஓர் அடி. அதாவது இங்கே வாசிக்கச் சொல்வது ஆடுபவர். நேற்று வரை பெரியவரின் வெட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு எல்லாம் தலைகீழ்.

யாரும் முன்னால் போகவில்லை. கடைசியில் அந்த பாப்டிஸ்ட் பெண் போனாள். மேளத்துக்கு முறைப்படி வணக்கம் வைத்தாள், அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். பிரிமோக்காரரும் கையை உயர்த்தியபடி நின்றார். அவள் தோளை லேசாகக் குலுக்கினாள், தயக்கத்தில்தான். டக் என்று ஓர் அடி விழுந்தது. அவள் முகம் மாறியதே! மறுபடி குலுக்கினாள், டக். வேண்டுமென்றே ஏமாற்றுவது போல இடது தோளைக் காட்டி வலது தோளை வெட்டினாள். அவரும் விடவில்லை. மொத்த வகுப்பும் கத்தியது. எங்கள் பெரியவர் சுவரோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 30, வியாழன்

செய்முறைத் தேர்வு. துறையின் மதிப்பெண் படிவத்தில் உடல் நேர்கோடு, அசைவின் தெளிவு, இசை உணர்வு, வருகை என்று நான்கு கட்டங்கள். நேர்கோடு என்ற கட்டத்தை யான்வாலுவில் எப்படி நிரப்புவது என்று பேராசிரியரிடம் கேட்டேன். “காலியாக விடு” என்றார்.

ஒவ்வொருவராக வட்டத்துக்குள் போனார்கள். பெரியவர் ஆளுக்குத் தக்கபடி வெட்டினார். பாலேயில் முதல் இடத்தில் இருக்கும் பெண் அழகாகத்தான் ஆடினாள், ஆனால் ஒவ்வொரு காசேக்கும் கொஞ்சம் முன்னதாகவே உடைந்தாள். எண்ணிக்கொண்டே ஆடியிருக்கிறாள். பொறியியல் மாணவன் கையும் காலும் தனித்தனியாகப் போகிற ஆள், ஆனாலும் ஒரு வெட்டைக்கூட விடவில்லை.

எல்லாம் முடிந்ததும் பேராசிரியர் பெரியவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பெரியவர் ஒரு விரலால் மன்மானின் விளிம்பில் தட்டியபடி யோசித்து யோசித்துச் சொன்னார். பொறியியல் மாணவனுக்கு ஏ. பாலேக்காரிக்கு பி பிளஸ், “கேட்கக் கற்றுக்கொண்டால் என்னோடு எங்கே வேண்டுமானாலும் ஆடலாம்” என்று ஒரு குறிப்புடன். அதையும் எழுதச் சொன்னார், எழுதினேன். விருந்தினர் கலைஞர்கள் மதிப்பெண் போட விதியில் இடமில்லை. மதிப்பிட்டவர் என்ற இடத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். ஜனவரிக்கான நிதி விண்ணப்பத்தில் இந்த முறை ‘விருந்தினர்’ என்று எழுதவில்லை, ‘இணை ஆசிரியர்’ என்று எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.