மாமாவின் வயர்லெஸ் செட்டுக்குப் புது பேட்டரி: இதுவரை செய்தது

நீரோடியில் மாமாவின் வள்ளத்தில் இருக்கிற கை வயர்லெஸ் செட் பழசு, ஆனால் நல்ல செட். அந்த மாடலுக்கு பேட்டரி பேக் வருவது நின்றுவிட்டது. செட்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, பேக்கைப் பிரித்து உள்ளே செல் மாற்றலாம் என்று இறங்கினேன்.

மாமா சொன்ன குறை இதுதான்: "மக்கா, அவனுவ பேசுகது எல்லாம் தெளிவா கேக்கு. நான் பட்டன அமுக்கினா செட்டு செத்துப்போவுது."

அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருந்தது. கேட்பதற்கு செட் இழுக்கிற கரண்ட் சொற்பம். 5 வாட்டில் பேசும்போது ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். நிறைய சார்ஜ் ஏற்றி மல்டிமீட்டரை வைத்தால் 8.2 வோல்ட் காட்டியது. 7.2 வோல்ட் பேக்குக்கு அது அருமையான கணக்கு. ஆனால் கரண்ட் இழுக்காமல் சும்மா கிடக்கும் பேட்டரியில் வோல்ட் பார்த்து நம்புவதில்தான் எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள்.

பேக்கின் ஒட்டு ஓரத்தில் மெல்லிய பிளேடை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்தேன். உள்ளே ஆறு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், பென்டார்ச் பேட்டரி அளவு, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். 5 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரை பேக்கின் இரு முனையில் கொடுத்து, பேசும்போது இழுக்கிற மாதிரியே இழுக்க வைத்து, செல் செல்லாக அளந்தேன். நாலு செல் 1.2-இல் நின்றன. மற்ற இரண்டும் தொட்ட மாத்திரத்தில் 0.4-க்கு இறங்கின. மொத்தம் 5.6 வோல்ட். செட் அணையாமல் என்ன செய்யும்? அந்த இரண்டில் ஒன்றின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

இரண்டை மட்டும் மாற்றுவது வீண். பழைய நாலும் புதிய இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால், வலுவில்லாதது முதலில் காலியாகி, மற்றவை அதைத் தலைகீழாக சார்ஜ் பண்ணிக் கொன்றுவிடும். அதனால் திருவனந்தபுரத்தில் இருக்கிற சாலை பஜாரில், நிக்கல் பட்டை வைத்தே வருகிற 2000 மில்லி ஆம்பியர் ஹவர் செல் ஆறும் ஒரே கம்பெனியில் வாங்கினேன். பட்டையில் மட்டும்தான் சால்டர் வைக்க வேண்டும், செல்லின் உடம்பில் வைத்தால் சூட்டில் உள்ளே இருக்கிற சீல் போய்விடும். செல்லோடு ஒட்டியிருந்த, சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கிற தெர்மல் ஃபியூஸை எடுத்துப் புதுசோடு சேர்த்தேன். அதை விட்டுவிட்டு மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

லித்தியம் போட்டால் என்ன என்று நிறையப் பேர் கேட்டார்கள். இந்தச் செட்டை வைத்து சார்ஜ் ஏற்றுகிற டாக் 140 மில்லி ஆம்பியரை நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருக்கிற வகை. நிக்கல் செல் அந்த மெதுவான சார்ஜைத் தாங்கும். லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்தியே ஆகவேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கலாம். கடலில் வள்ளத்துக்குள் அந்த ஆபத்து தேவையில்லை. நிக்கலில் ஒரே சங்கடம், முழுசாக ஏற இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பேக்கை மூடுவதற்கு சிலிக்கான் பசை வாங்கினால் புளிச்ச வாடை வருகிற வகை வேண்டாம். அதன் அமிலம் செம்பைத் தின்னும். வாடையில்லாத வகை போட்டு ஒரு நாள் காயவிட்டேன். உப்பேறிப் பச்சைப் பிடித்திருந்த காண்டாக்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் தடவினேன். செட்டின் தண்ணீர் புகாத தரம் ஐ.பி.எக்ஸ்.7, அப்படியென்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கவேண்டும். பிரித்து ஒட்டிய பிறகு அந்தத் தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பேக்கை மட்டும் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தேன், குமிழி ஒன்றுகூட வரவில்லை.

இப்போது 5 வாட்டில் பேசினாலும் 7.7 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. சோதனையை 16-ஆம் சேனலில் செய்யவில்லை. அந்தச் சேனலின் 156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஆபத்துக்கும் அழைப்புக்கும் உள்ளது, அங்கே "ஹலோ ஹலோ" சொல்லி விளையாடக் கூடாது. வேறு சேனலில், 1 வாட்டில், பொழியூர் பக்கம் நின்ற இன்னொரு வள்ளத்தோடு பேசிப் பார்த்தோம், குரல் சுத்தமாக வந்தது.

2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் செட் வாங்குகிற ஆசை கூடியிருக்கிறது, அது நல்லது. ஆனால் இந்தச் செட் பேசுகிற வி.எச்.எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். இரண்டு ஆன்டெனாவும் தண்ணீர் மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரம் என்றால் கணக்குப்படி 11, 12 கிலோமீட்டர்தான். ஆழ்கடல் போகிற படகுக்கு இது போதாது என்று மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்து, சாதாரண பேட்டரி போடுகிற காலி டிரே ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அல்கலைன் செல் அதிக கரண்டுக்குத் தளர்ந்துவிடும், 1 வாட்டில் வைத்தால் பேசலாம். கிடைத்ததும் அதே ரெசிஸ்டரில் அளந்து எழுதுகிறேன்.