‘கேஸ்’ என்றார்கள், கிழிந்திருந்தது உணவுக்குழாய்

அத்தானுக்கு ராத்திரி பலத்த வாந்தி, கையோடு நெஞ்சுவலி. வள்ளியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி நார்மல், "கேஸ்தான்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அக்கா சோடா வாங்கிக் கொடுத்தாள். வாந்தியில் உணவுக்குழாய் கிழிந்திருந்ததால், குடித்ததெல்லாம் அந்தக் கிழிசல் வழியாக நெஞ்சுக்குள் போயிருக்கிறது! விடிந்தபின் வந்த டாக்டர் கழுத்தில் விரல் வைத்ததும், தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி நறநறத்தது. கிழிசல் வழியே கசிந்த காற்றாம். வாந்திக்குப் பிறகு நெஞ்சுவலி, கூடவே இந்த நறநறப்பு என்றால், சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். சிடி ஸ்கேன் ஃபிலிம் மட்டும் கையில். ஸ்கேன் பதிவான டிஸ்க்கைக் கேட்டு வாங்கவில்லை, மறுபடி எடுத்தார்கள். கசிவு படத்தில் தெரிவதற்காக ஆஸ்பத்திரியில் குடிக்கத் தருவது தண்ணீரில் கரையும் மருந்தாகத்தான் இருக்க வேண்டும். வழக்கமாக இப்படிப் படமெடுக்கக் கொடுக்கும் பேரியம் நெஞ்சுக்குள் கசிந்தால் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். காப்பீட்டு அட்டையில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு. அதற்கு ஒரு நாள் அலைச்சல்.

எண்டோஸ்கோபி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. உடனே வந்திருந்தால் கிளிப் போட்டே மூடியிருக்கலாமாம். ஒரு ராத்திரி போனதில் ஓரமெல்லாம் வீங்கி நைந்து, கிளிப் பிடிக்கிற நிலையில் இல்லை. அதனால் உணவுக்குழாய்க்குள் முழுக்க உறை போட்ட உலோக ஸ்டென்ட், அதாவது உள்ளே விரிந்து நிற்கும் வலைக்குழாய். அது ஓட்டையை மறைக்கும், அவ்வளவுதான். உள்ளே போன சோடாவும் சோறும் சீழாகாமல் வெளியேற இடப்பக்க நெஞ்சில் தனியாக டியூப்.

ஒன்பதாம் நாள் டியூப் பை கலங்கியது. நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் பையில் நீலம். ஸ்டென்ட் கீழே நழுவியிருந்தது. குழாயில் அடைப்பு இருந்தால் அது இறுக்கிப் பிடிக்கும், அத்தானுக்கு அடைப்பு இல்லை, வழுக்கிவிட்டது. மேலே இழுத்து, மேல்விளிம்பைக் கிளிப்பால் பிடிக்க வைத்தார்கள். பையின் நிறத்தைக் காலையும் மாலையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள், நர்ஸ் மாறினாலும் ஒப்பிட்டுக் காட்டலாம்.

மூக்கு வழி சிறுகுடலுக்குப் போன டியூப்பில் நாங்கள் கஞ்சி விட்டு அடைத்துக்கொண்டதும் நடந்தது. ஆஸ்பத்திரி தருகிற பால் மட்டும் விடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி வெந்நீர் ஆற வைத்துச் செலுத்துங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைப் பொடித்துப் போடக் கூடாது.

ஐந்தாம் வாரம் ஸ்டென்ட்டை எடுத்தார்கள். ரொம்ப நாள் விட்டால் விளிம்பில் சதை வளர்ந்து எடுப்பது கஷ்டமாம். கசிவு இல்லை என்று படம் எடுத்துப் பார்த்த பிறகு ஒரு டம்ளர் வடிகஞ்சி. குடித்து முடிக்க முக்கால் மணி நேரம். "சொதி எப்போ?" என்று கேட்டார் அத்தான். டாக்டர் இன்னும் ஒரு வாரம் கஞ்சிதான் என்றார்.