துருப்பிடித்த ரிவெட் பாலத்தை எங்கே தட்டிப் பார்ப்பது?

எண்ணூர், காசிமேடு பக்கம் வீட்டு கிரில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்களுக்குத் தெரியும், நடுக்கம்பி பளபளவென்றே இருக்கும், கீழ் மூலைதான் உப்பிக்கொண்டு வரும். பழைய இரும்புச் சட்டப் பாலத்திலும் அதே கதைதான். உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாய் ஓடும் சட்டங்களை அண்ணாந்து பார்த்துப் பிரயோஜனமில்லை. குனிந்து கீழ்ச்சட்டத்தைப் பாருங்கள், அதுவும் சட்டங்கள் கூடுமிடத்தில் அவற்றை இணைக்க வைத்து, ரிவெட் (இரு பக்கமும் தலை வைத்த இரும்பு ஆணி) அடித்த கஸெட் தகட்டை. குப்பையும் பறவை எச்சமும் மழைத்தண்ணீரும் சேர்வது அங்கேதான். உப்புக்காற்று கொண்டுவரும் ஈரமும் அந்த இடுக்கில் காயாமல் கிடக்கும்.

இரண்டு தகடுகளுக்கு நடுவே உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தகடு வளைந்து விரியும், ரிவெட் தலை தெறிக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் துரு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலத்தின் இணைப்புகளை வெல்டிங் செய்தது சும்மா இல்லை. இடுக்கு இருந்தால்தானே உப்பு குடியேறும்!

ரிவெட்டைச் சோதிக்க 110 கிராம் சுத்தியல் போதும். விரல் நுனி ரிவெட் தலையையும் தகட்டையும் சேர்த்துத் தொடும்படி ஒரு பக்கம் வைத்து, எதிர்ப்பக்கம் தட்டுங்கள். விரலில் அசைவு தெரிந்தால் ரிவெட் தளர்ந்துவிட்டது. தலையைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் கசிந்திருந்தால் தட்டுவதற்கு முன்பே சந்தேகப்படலாம். தளர்ந்ததை எடுத்துவிட்டுச் சாதா போல்ட் போடுவது தவறு. ரிவெட் துளை தண்டைவிடச் சுமார் 1.5 மி.மீ. பெரியது, பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது ரிவெட் பருத்து அதை நிரப்பிவிடும், போல்ட் நிரப்பாது. துளைக்கு இறுக்கமாகக் கடைந்த போல்ட்டோ, தகடுகளை நெருக்கிப் பிடிக்கும் உயர்வலு போல்ட்டோ வேண்டும். பட்டறையில் சொல்லி "ஒரு வெல்டிங் வைத்துவிடலாம்" என்பது இன்னும் மோசம். அந்தக் கால இரும்பில் கந்தகம், பாஸ்பரஸ் அதிகமாக இருக்கும். வெல்டிங் ஓரமாகவே விரிசல் விடும்.

பாலத்தின் முனை தூணில் உட்காரும் தாங்கியான பேரிங்கை யாரும் கவனிப்பதில்லை. 30 மீட்டர் சட்டம், வெப்பம் 30 டிகிரி ஏறினால் 11 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்குத்தான் ஒரு முனையில் ரோலர். மண்ணும் துருவும் அடைத்து ரோலர் உருளாமல் நின்றால், பாலம் தூணின் தலைக்கல்லைத் தள்ள ஆரம்பிக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கம்பி பிரஷ் துருவைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பின் மேல் பெயின்ட் அடித்தால் அது ஈரத்தை உள்ளே இழுத்துச் சில மாதத்தில் கொப்பளிக்கும். காலை ஈரம் காய்ந்த பிறகு, கடற்காற்று ஏறுமுன் பிரைமர் முடிந்துவிட வேண்டும்.

இத்தனையும் தண்ணீருக்கு மேலே பார்த்தது. திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம் 2018 வெள்ளத்தில் இடிந்தபோது முதலில் போனது இரும்பு அல்ல, தூணின் அடி மணல்.