பத்மினியின் இடது இண்டிகேட்டர்

அப்பாவின் பழைய பத்மினி காருக்குப் புது இண்டிகேட்டர் செட் மாட்டினேன். வலது பக்கம் ஜோராக மின்னியது. இடது பக்கம் போட்டால் மின்னவே இல்லை. முன்னால் பார்க் லைட் மட்டும் மங்கலாக எரிந்தது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பிளாஷர் போச்சு என்றார் மெக்கானிக். எனக்கு ஒப்பவில்லை. போயிருந்தால் இரண்டு பக்கமும்தானே கெடும்?

முன் இடது பல்ப் ஹோல்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 10 வோல்ட்டுக்கு மேல்! எர்த், அதாவது பல்பிலிருந்து வண்டி உடம்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை, இல்லாமல் கரண்ட் பார்க் பல்ப் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள 21 வாட் பல்ப் இரண்டும் சேர்ந்து 3.5 ஆம்பியர் இழுத்தால்தான் இந்தப் பழைய பிளாஷர் சூடேறித் துடிக்கும்; இங்கே அவ்வளவு கரண்ட் ஓடவில்லை.

ஹோல்டர் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட், அதன் மேல் பச்சைப் பூத்த பித்தளை வாஷர். முத்தியால்பேட்டைக் கடற்காற்று சும்மா விடுமா? உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, தனி எர்த் ஒயர் இழுத்து, வாஸ்லின் தடவி முறுக்கினேன்.

டிக்... டிக்... அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.